இங்கிலாந்தின் குளிர்காலத்தில் ஆறு, கால்வாய், ஏரிகளில் தூண்டில் போட முடியுமா?

முடியும். இங்கே ஆற்று மீன்பிடிப்பில் ஊறிய பலருக்கு அக்டோபர் முதல் மார்ச் நடுப்பகுதி வரையிலான மாதங்கள்தாம் உண்மையான பருவம். சென்ற செப்டம்பரில் இங்கே வந்து சேர்ந்ததாகவும், ஊர் வாய்க்காலில் மண்புழுவைக் கோத்துத் தூண்டில் போட்ட பழக்கம் இருப்பதாகவும், குளிரில் மீன் கடிக்காது என்று நண்பர்கள் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பிடித்த மீனைச் சமைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் லெஸ்டரில் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். அவற்றில் ஏழு குளிர்காலங்களைச் சோர் ஆற்றங்கரையிலும் கிராண்ட் யூனியன் கால்வாய்க் கரையிலும் நனைந்த காலுறைகளோடு கழித்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. சால்மன், டிரவுட் ஆகிய இரண்டையும் பெரிய நிலக்கிழார்களின் விளையாட்டுக்குரிய மேலான மீன்களாகக் கருதிய காலத்தில், எஞ்சிய நன்னீர் மீன்கள் அனைத்தையும் 'கோர்ஸ்' மீன்கள், அதாவது முரட்டு மீன்கள் என்று ஒதுக்கிவிட்டார்கள். அப்படி ஒதுக்கப்பட்டவற்றுள் ரோச், சப், டேஸ், பிரீம், டெஞ்ச், பார்பெல், கார்ப் எல்லாமே நம்முடைய கெண்டையின் உறவினர்கள்தாம். பெர்ச்சும் பைக்கும் வேறு குலம். ஷெஃபீல்ட், லீட்ஸ், பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் போன்ற தொழில் நகரங்களின் ஆலைத் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கம் சங்கமாகச் சென்று வளர்த்த கலை இது. அதனால்தான் இன்றும் பெரும்பாலான கரைகளின் மீன்பிடி உரிமை ஏதேனும் ஓர் உள்ளூர்த் தூண்டில் சங்கத்தின் கையில் இருக்கிறது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 13 வயது நிரம்பிய எவரும் தூண்டில் உரிமம் இல்லாமல் தண்ணீரில் முள்ளைப் போடக்கூடாது. 16 வயது வரை அது இலவசம் என்றாலும் பெயரைப் பதிவு செய்தாக வேண்டும். பிடிபட்டால் அபராதம் 2,500 பவுண்டு வரை போகலாம். உரிமம் அரசின் அனுமதி மட்டுமே. கரைக்கு உரியவரின் அனுமதி வேறு. அதை நாள் சீட்டாகவோ சங்கத்தின் ஆண்டுச் சந்தாவாகவோ வாங்க வேண்டும். ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை மீன்பிடிக்கத் தடை உண்டு. ஜூன் 16 அன்று பருவம் திறக்கும். மீன்கள் முட்டையிடும் காலத்தைக் காப்பதற்கான இந்தத் தடையின் வேர் 1878ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. பெரும்பாலான ஏரிகளுக்கு 1995இலும் கால்வாய்களுக்கு 2000இலும் இத்தடை நீக்கப்பட்டது. எங்கள் ஊரைப் போல ஆறும் கால்வாயும் பிரிந்தும் கலந்தும் ஓடும் இடங்களில், நீங்கள் நிற்கும் கரை எந்தக் கணக்கில் வருகிறது என்பதைச் சங்கத்தாரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஊரிலிருந்து ஈயக்குண்டுகள் கொண்டுவந்திருந்தால் அவற்றைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். அன்னப்பறவைகள் சிறு ஈயக்குண்டுகளை விழுங்கி நஞ்சேறி இறந்ததால், 0.06 கிராமுக்கும் 28.35 கிராமுக்கும் இடைப்பட்ட ஈய எடைகள் 1987 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன.

இனி சமையல். ஆற்றில் ஒரு நாளைக்கு 20 சென்டிமீட்டருக்கு மேற்படாத சிறு மீன்கள் 15, 65 சென்டிமீட்டருக்கு மேற்படாத பைக் ஒன்று, 30 முதல் 38 சென்டிமீட்டர் வரையிலான கிரேலிங் இரண்டு எனச் சட்டம் ஓர் அளவு வைத்திருக்கிறது; விலாங்கைக் கண்டிப்பாகத் திரும்ப விட வேண்டும். ஆனால் இந்த அளவும் கரைக்கு உரியவரின் விதிக்கு உட்பட்டதே. ஏறக்குறைய எல்லாச் சங்கங்களும் ஒரு மீனைக்கூட எடுத்துச் செல்ல விடமாட்டா. கால்வாயிலும் ஏரியிலும் உரியவரின் அனுமதியின்றி மீனை எடுப்பது திருட்டாகவே கருதப்படும். பிடித்த மீனை ஈரக்கையால் தொட்டு, முள்ளைக் கழற்றி, தண்ணீரில் விடுவதற்காகவா நாலு மணி நேரம் குளிரில் உட்கார்ந்திருந்தாய் என்று என் அம்மா தொலைபேசியில் கேட்டார். அவருக்கு நான் இன்னும் திருப்தியான பதில் சொல்லவில்லை. குழம்புக்கு மீன் வேண்டுமென்றால் லெஸ்டர் சந்தையில் வாங்கிக்கொள்வதே என் வழக்கம்.

உங்கள் நண்பர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மீன் குளிர் இரத்தப் பிராணி. தண்ணீரின் வெப்பம் 4, 5 டிகிரிக்கு இறங்கும்போது அதன் உடலின் வேலைகளும் மந்தமாகி, கோடையில் ஒரு மணி நேரத்தில் தின்பதைக் குளிர்காலத்தில் ஒரு நாள் முழுக்கத் தின்றால் போதுமென்று ஆகிவிடுகிறது. ஆனால் அது தின்பதை அறவே நிறுத்துவதில்லை. தின்ன அலைவதை மட்டும் நிறுத்திக்கொள்கிறது. கோடையில் கரை நெடுகப் பரவியிருந்த மீன்கள் குளிர்காலத்தில் ஒரே மூலையில் நெருக்கமாக ஒடுங்கிவிடுவதால், இருபது அடி தள்ளி உட்கார்ந்தவனுக்கு ஒன்றும் கிடைக்காமலும், சரியான இடத்தில் உட்கார்ந்தவனுக்கு வீச்சுக்கு ஒன்றாகவும் அமையும். ஆகவே குளிர்காலத் தூண்டில் என்பது முக்கால் பங்கு இடம் தேடுவது. எஞ்சிய கால் பங்கு, இரை தூவுவதில் கஞ்சத்தனம்.

அந்தக் கஞ்சத்தனத்தை நான் கற்றது முதல் டிசம்பரில். கடையில் ஈப்புழு பைண்ட் கணக்கில் விற்பார்கள். ஒரு பைண்ட் என்பது ஏறக்குறைய அரை லிட்டர். ஊரில் தவிட்டு உருண்டையை அள்ளி வீசி மீனைக் கூட்டிய நினைவில், அரை பைண்ட் புழுவை முதல் பத்து நிமிடத்திலேயே கால்வாயில் கொட்டிவிட்டு, நாலு மணி நேரம் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது கஜம் தள்ளி அமர்ந்திருந்த முதியவர் ஒரு தடவைக்கு ஐந்தாறு புழுக்களுக்கு மேல் போடவே இல்லை. பொழுது சாய்வதற்குள் நாற்பது சிறு ரோச்சாவது பிடித்திருப்பார். கிளம்பும்போது என் தட்டை எட்டிப் பார்த்து, "மீன்கள் இப்போது உன் புழுக்களுக்கு அடியில் படுத்துத் தூங்குகின்றன" என்றார். பசியில்லாத விருந்தாளிக்கு வாழையிலை நிறையப் பரிமாறியது போன்ற தவறு அது. மீதமான புழுக்களைக் குளிர்பதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும், வெளியே வைத்தால் கூட்டுப்புழுவாகி ஈயாகிவிடும் என்பதால் இட்லி மாவுக்குக் கீழ்த்தட்டில் வைத்தேன். அதற்குப் பின் வீட்டில் நடந்தது இந்தக் கேள்விக்குத் தொடர்பில்லாதது.

தொடங்குபவருக்குக் கால்வாய்தான் சிறந்தது. குதிரைகள் படகை இழுத்துச் செல்வதற்காகப் போட்ட கரைப்பாதை இருப்பதால் எளிதில் போய்ச் சேரலாம். வெள்ளம் வந்து ஆறுகள் கலங்கிக் கிடக்கும் நாள்களிலும் கால்வாய் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அதன் அடிப்பகுதி கழுவிக் கவிழ்க்காத தாம்பாளம் போன்றது: இரு கரைகளையும் ஒட்டி ஆழம் குறைந்த விளிம்பு, நடுவே படகுகள் ஓடி ஓடி அரித்த நாலைந்து அடிப் பள்ளம். கோடையில் படகுகள் சேற்றைக் கிளறிக்கொண்டே இருப்பதால் நீர் தேநீர் நிறத்தில் இருக்கும். குளிர்காலத்தில் போக்குவரத்து குறைந்து நீர் தெளிந்துவிடுவதால், மீன்கள் நடுப்பள்ளத்திலோ கட்டிவைத்த படகுகளின் அடியிலோ பாலத்தின் நிழலிலோ படகு திரும்புவதற்காக அகலப்படுத்திய இடத்திலோ ஒளிந்துகொள்ளும். நகருக்குள் இருக்கும் பகுதிகள் வெட்டவெளியைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருப்பதோடு, குளிர்காலத்தில் கடற்கரையை விட்டு உள்நாட்டுக்கு வரும் நீர்க்காகங்கள் ஆள் நடமாட்டத்துக்குக் கூசும் என்பதால், ரோச் கூட்டங்கள் ஊரின் நடுவிலேயே தஞ்சமடைகின்றன. அழகான வயல்வெளிக் கால்வாயைவிட, பழைய ஆலைச் சுவருக்குக் கீழே, தள்ளுவண்டி ஒன்று மூழ்கிக் கிடக்கும் மூலையில் நல்ல மீன் கிடைப்பதற்குக் காரணம் இதுவே.

இங்கே 'போல்' என்றழைக்கும் 11, 13 மீட்டர்க் கார்பன் கழியைப் பார்த்தால் உங்களுக்குப் பழகிய பொருளாகத் தோன்றும். நரம்பு சுற்றும் உருளை கிடையாது, நுனியில் நரம்பு, அதில் ஒரு தக்கை. நம் மூங்கில் கழியின் பணக்கார அண்ணன் என்று சொல்லலாம். தொடக்கத்தில் 4, 5 மீட்டர்க் கழியே போதும். நரம்பு 0.10 மில்லிமீட்டர், முள் 20ஆம் எண் (எண் ஏற ஏற முள் சிறுத்துக்கொண்டே போகும்), ஒரே ஒரு ஈப்புழு அல்லது ரொட்டித் துண்டிலிருந்து வட்டமாக வெட்டியெடுத்த ஒரு சிறு வில்லை. ரொட்டியை மிக்சியில் தூளாக்கி, ஒரு எலுமிச்சை அளவு உருண்டையை மட்டும் முதலில் போடுங்கள். பிறகு கடி நின்றால் மட்டும் அதில் பாதி. தக்கையின் நுனி மட்டும் நீருக்கு மேல் தெரியும்படி எடை போட்டிருக்க வேண்டும், ஏனெனில் குளிர்காலக் கடி தக்கையை இழுத்து மூழ்கடிக்காது. நுனி ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்து அப்படியே நிற்கும், அவ்வளவுதான்.

ஆறு வேறு கணக்கு. மழைக்குப் பிறகு நீர் ஏறிக்கொண்டிருக்கும் நாளிலும், பனி உருகிய நீர் கலக்கும் நாளிலும் போய்ப் பயனில்லை. வெள்ளம் வடிந்து, பழுப்பு நிறம் தெளியத் தொடங்கி, தென்மேற்குக் காற்றில் ஓரிரண்டு நாள் இதமாக இருந்தால், அதுவே நேரம். ஆற்றின் மட்டத்தை அளவுகோல் நிலையங்கள் வாரியாக அரசின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நான் வாரக் கடைசிக்கு முன் வானிலையைவிட அதைத்தான் அதிகம் பார்ப்பேன். வேக நீரோட்டமும் தேங்கிய நீரும் சந்திக்கும் கோடு தண்ணீரின் மேல் ஒரு மடிப்பைப் போலத் தெரியும். மீன் அந்த மடிப்பின் மெதுவான பக்கத்தில் நின்றுகொண்டு, ஓட்டம் கொண்டுவருவதைக் கொத்தும். தக்கையை ஓட்டத்தோடு மிதக்க விட்டுப் பிடிக்கும் முறையில் ஒரு நுட்பம் உண்டு: அடிநீர் தரையில் உராய்வதால் மேல்நீரைவிட மெதுவாக ஓடுகிறது, ஆகவே நரம்பை விரலால் இலேசாகப் பிடித்துத் தக்கையைச் சற்றுத் தாமதப்படுத்தினால்தான் முள்ளில் இருக்கும் புழு இயல்பாக நகரும். ரோச், டேஸ், கிரேலிங் மூன்றையும் இப்படிப் பிடிக்கலாம்.

ஆற்றில் எந்தக் குளிரிலும் கைவிடாத மீன் சப். கரைமரத்தின் கிளைகளில் குப்பை சிக்கி உருவான மிதவைக்குக் கீழே அது உட்கார்ந்திருக்கும்; பெரிய ரொட்டித் துணுக்கோ பாலாடைக்கட்டிப் பிசைவோ மேலிருந்து உருண்டு வந்தால் உறைபனி நாளிலும் வாயைத் திறக்கும். பார்பெல் அப்படியன்று, நீர் ஓரளவு சூடேறினால்தான் அது அசையும். ட்ரெண்ட் ஆற்றங்கரையில் நிலக்கரி மின் நிலையங்கள் வரிசையாக இயங்கி வெந்நீரை ஆற்றில் விட்ட காலத்தில், அங்கே நடுக்குளிரிலும் ரோச் வேட்டை அமோகமாக இருந்தது என்று பழையவர்கள் ஏக்கத்தோடு சொல்வார்கள். அவற்றுள் கடைசியான ராட்கிளிஃப் நிலையமும் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டுவிட்டது. காற்றுக்கு நல்லது; அந்தப் பெரியவர்களுக்கு வருத்தம்.

ஏரிகளைப் பற்றி எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. நீர் 4 டிகிரியில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கும் என்பதால், மேலே உறையும் நிலையிலும் ஆழமான அடிப்பகுதி அதைவிடக் குளிராது. மீன்களும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கட்டணக் குளங்களில் கார்ப்பையும் குரூசியன் கார்ப்பையும் கலந்து உருவாக்கிய எஃப்1 என்ற கலப்பினத்தை விட்டிருப்பார்கள். அது குளிரிலும் ஓரளவு தின்னும். ஒன்றும் பிடிக்காமல் வீடு திரும்ப மனமில்லாதவர்களுக்கு அது ஏற்றது.

பைக்கைப் பிடிக்க ஆசைப்பட்டால் முதல் தடவை தனியாகப் போகாதீர்கள். குளிர்காலமே அதன் பருவம். செத்த கானாங்கெளுத்தியோ மத்தியோ கட்டிப் போட்டால் வரும். ஆனால் அதன் வாய் முழுவதும் பின்நோக்கிச் சாய்ந்த பற்கள். கம்பி இணைப்பு, நீண்ட இடுக்கி, பெரிய வலை, மீனைக் கிடத்துவதற்கான மெத்தை விரிப்பு ஆகிய நான்கும், முள்ளைக் கழற்றக் கற்றுத்தர அனுபவமுள்ள ஒருவரும் இல்லாவிட்டால், உங்கள் விரலுக்கும் மீனின் உயிருக்கும் ஆபத்து.

கார்பன் கழி மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே மேலே மின்கம்பி போகும் கரையில் அதை நிமிர்த்தாதீர்கள். எலிச் சிறுநீரால் பரவும் நோய் இந்த நீர்நிலைகளில் உண்டு என்பதால், கையைக் கழுவாமல் வடையைத் தொடாதீர்கள். டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ரோச் நன்றாகக் கடிப்பதும் அந்த இருட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில்தான். ஆகையால் விடியற்காலையில் எழுந்து விறைத்துப்போக வேண்டிய தேவை இல்லை. வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குப் போய், கால் பைண்ட் புழுவோடு பாலத்துக்குப் பக்கத்தில் உட்காருங்கள். அரை மணி நேரம் ஒன்றும் கடிக்காவிட்டால் எழுந்து அடுத்த பாலத்துக்கு நடங்கள்.

லெஸ்டர் பக்கம் வந்தால் எழுதுங்கள். மார்ச் 14 வரை, மழை விட்ட சனிக்கிழமைகளில் நான் ஆற்றில்தான் இருப்பேன். அதற்குப் பிறகென்றால் கால்வாயில்.