மொட்டை மாடிக்கு நுரைப் பலகை சுற்றுச்சூழலுக்கு ஏற்றதா?

தருமபுரியில் கட்டும் வீட்டின் மொட்டை மாடியில் வெப்பத்தைத் தடுக்க நுரைப் பலகை பதிப்பது சுற்றுச்சூழலுக்கு நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். கோடை முழுவதும் ஏ.சி. ஓடும் வீடானால் பதிக்கலாம். ஆனால் எந்த நுரை என்பதையும், பிரித்தெடுத்த பின் அது எங்கே போகும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தெர்மாகோல், எக்ஸ்.பி.எஸ். (அழுத்தித் தள்ளி வார்த்த பாலிஸ்டைரீன்), பாலியூரித்தேன் ஆகிய நுரைப் பலகைகள் பெட்ரோலியத்திலிருந்து வருபவை என்றாலும், தெர்மாகோலின் கன அளவில் ஏறத்தாழ 98 விழுக்காடு காற்றுதான் என்பதால் மூலப்பொருள் குறைவாகவே செலவாகிறது. பெரிய வேறுபாடு நுரையை ஊதும் வாயுவில் இருக்கிறது. தெர்மாகோலுக்குப் பென்டேன் போதும், எக்ஸ்.பி.எஸ். பலகைக்குப் பயன்பட்டுவரும் எச்.எஃப்.சி.-134ஏ வாயு, கார்பன் டைஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்குவதோடு, பலகையிலிருந்து பல ஆண்டுகள் மெல்லக் கசிந்துகொண்டும் இருக்கும். பாலியூரித்தேனில் புழங்கிய, ஓசோனை அரிக்கும் எச்.சி.எஃப்.சி.-141பி வாயுவை இந்தியா 2020 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டது. எனவே, ஊதுவாயு எதுவென்று கேட்டு வாங்குங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது பலகையின் முடிவுக்காலம்தான். ஓசூர் அருகே பிரித்துப் போட்டிருந்த ஒரு கொட்டகையின் பாலியூரித்தேன் பலகைகள் வெயிலில் பழுப்பேறி, விரலால் தேய்த்தாலே மாவாக உதிர்ந்தன. அதை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. எரித்தால் ஹைட்ரஜன் சயனைடு என்னும் நச்சு வாயு வெளிவரும். தெர்மாகோலை உருக்கலாம், ஆனால் சிமென்ட் ஒட்டியதை மறுசுழற்சிக்கு எடுப்பது கடினம். ஆகவே பலகைக்கும் சிமென்டுக்கும் இடையில் ஒரு விரிப்பை இட்டு, அதன்மேல் ஓடு பதிக்கச் சொல்லுங்கள். ஏ.சி. இல்லாத வீடானால், நம் ஊர்ச் செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளத்தையும் அதன்மேல் வெள்ளைப் பூச்சையும் முதலில் முயன்று பாருங்கள்.