நம்ம ஆளுங்க வெட்டின ஏரி

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்தின் பாகான் செராய் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். இப்போது ஈப்போவில் வேலை. ஊருக்கு ரயிலில் போகும்போது புக்கிட் மேரா ஏரியைத் தாண்டித்தான் போகவேண்டும். அது நம்ம ஆளுங்க வெட்டின ஏரி என்று தாத்தா சொல்வார். நண்பர்களோ அது இயற்கை ஏரி, தாத்தா கதை விடுகிறார் என்கிறார்கள். எது சரி? ஏரிக்கும் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

இயற்கை ஏரி இல்லை. குராவ் ஆற்றை மறித்துக் கரை போட்டு 1906-இல் முடித்த நீர்த்தேக்கம் அது. நாட்டிலேயே மிகப் பழையது. ஏரியை யாரும் தோண்டவில்லை, தாழ்வான காட்டுக்குள் தண்ணீர் ஏறி நின்றுகொண்டது. வெட்டியது வாய்க்கால்களைத்தான். அந்தக் காலத்தில் ரயில்பாதை, ரோடு, பொதுப்பணி என்று மண்வேலை நடந்த இடத்திலெல்லாம் தமிழர்கள் இருந்தார்கள். தாத்தா பேச்சைக் கதை என்று தள்ள எனக்கு மனம் வராது.

தோட்டத்துக்கும் ஏரிக்கும் உள்ள சம்பந்தம் சோறு. பாகான் செராய் இருக்கிற கிரியான் மாவட்டத்தில் ரப்பருக்கு முன்பு கரும்புதான். சஞ்சிக்கூலியாக, அதாவது ஒப்பந்தம் போட்டுக் கட்டுப்பட்ட கூலியாக, வந்தவர்கள் கடலோரச் சேற்றில் கரும்பு வெட்டினார்கள். அந்த முறை 1910-இல் ஒழிந்தது. தோட்டத்திலும் ஈயச் சுரங்கத்திலும் ஆள் பெருகப் பெருக, அரிசி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தாகவேண்டும். அதை இங்கேயே விளைவிக்கலாம் என்று வெள்ளைக்காரன் கணக்குப் போட்டான். வானத்தை நம்பி நட்ட வயல்கள் மழை பொய்த்த வருடங்களில் காய்ந்தன. அதற்குத்தான் இந்த அணை. இன்றும் இருபதாயிரம் ஹெக்டருக்கு மேற்பட்ட வயல் இந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது, குடிநீரும் இதிலிருந்து போகிறது.

வயல் மலாய்க்காரர்களுக்கும் போர்னியோவிலிருந்து வந்த பஞ்சார் மக்களுக்கும், தோட்டம் நமக்கு என்று பிரிந்துபோனதால், ஏரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் நெல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். யாருடைய பசியை மனதில் வைத்து அதைக் கட்டினார்கள் என்பது பேச்சிலேயே வருவதில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு.

நீங்கள் போகிற ரயில் இப்போது பாலத்தில் ஓடுகிறது. முன்பு ஏரியின் நடுவே மண்மேடு போட்டு அதன்மேல் தண்டவாளம். மேடு ஏரியை இரண்டாகப் பிரித்து நிற்கும். அதே தண்ணீரில்தான் அரோவானா என்கிற கெலிசா மீன். ஆண் மீன் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும், குஞ்சுகள் தானாக நீந்துகிற வரைக்கும் வாயை விட்டு விடாது. பணக்காரர்களின் கண்ணாடித் தொட்டி ஆசையால் காட்டுக் கெலிசா அரிதாகிப் போனது.

ஏரிக்கே இப்போது உடம்பு சரியில்லை. மேலே காடு அழிய அழிய மண் இறங்கி அடியில் படிகிறது, கொள்ளளவு குறைகிறது. 2016 வறட்சியில் நீர்மட்டம் மோசமாக இறங்கியது. தண்ணீர் வரும் காட்டைக் காப்பாற்றாமல் அணையைப் பழுது பார்த்துப் பயனில்லை.

அப்புறம், தாத்தா எந்தத் தோட்டம் என்று நீங்கள் எழுதவில்லை. அவர் இருந்தால் அவரிடம், இல்லாவிட்டால் வீட்டுப் பெரியவர்களிடம், வாய்க்கால் வேலைக்குப் போனது யார் யார், என்ன கூலி என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். இங்கேயே வெளியிடுகிறேன்.