பசைக்கு முன் பரப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அலுமினியப் பொருத்தி ஒன்றைக் கார்பன் ஃபைபர் குழாயுடன் எப்பாக்சிப் பசையால் ஒட்டியிருந்தேன். பல மாதங்கள் அசையாமல் இருந்தது. மழைக்காலம் முடிந்த பிறகு அலுமினியப் பக்கத்தில் பசை துளியும் தங்காமல் பெயர்ந்து வந்துவிட்டது. இதைவிட உறுதியான பசையைத் தேட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை, நீங்கள் எழுதியதிலேயே காரணம் இருக்கிறது. இணைப்பு விட்டுப்போனால் முதலில் பார்க்க வேண்டியது முறிந்த முகங்களைத்தான். இரண்டு முகங்களிலும் பசை படிந்திருந்தால் முறிவு பசைக்குள்ளேயே நிகழ்ந்திருக்கிறது. பசை தன் முழு வலிமையையும் காட்டிவிட்டது என்று பொருள். ஒரு முகத்தில் உலோகம் வெறுமையாகத் தெரிந்தால், பசை அதைச் சரியாகப் பற்றவில்லை, அல்லது பற்றியிருந்த பிடியைப் பின்னர் இழந்துவிட்டது. உங்களுடையது இந்த இரண்டாவது வகை. பரப்பை அப்படியே விட்டுவிட்டு எந்தப் பசையைப் பூசினாலும் மறுபடியும் இதுதான் நடக்கும்.

காற்றுப்பட்ட அலுமினியத்தின் மேல் நொடிப்பொழுதில் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடுப் படலம் உருவாகிவிடுகிறது. பசை ஒட்டுவது இந்தப் படலத்தோடுதான். எப்பாக்சி நீர்புகாத பொருள் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் ஈரம் அதனுள் மெல்ல மெல்ல ஊடுருவிச் செல்லும். அவ்வாறு ஒட்டுமுகம் வரை சென்ற நீர், ஆக்சைடைப் பற்றியிருக்கும் பசையை விலக்கி அந்த இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது. அதோடு நில்லாமல் ஆக்சைடையே வலுவற்ற ஹைட்ராக்சைடாக மாற்றுகிறது. அந்த ஹைட்ராக்சைடு அடியிலுள்ள உலோகத்திலிருந்து எளிதில் கழன்றுவிடும். ஒட்டிய அன்று இழுத்துப் பார்த்தால் இவற்றில் எதுவுமே தெரியாது. முதல் நாள் வலிமையை வைத்து ஓர் இணைப்பை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவது இதனால்தான்.

இதன் விலையை விமானத் துறை நேரில் கண்டிருக்கிறது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் பறந்துகொண்டிருந்த அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானத்தின் மேற்பகுதி, ஏறத்தாழ 5.5 மீட்டர் நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய தகடுகளின் விளிம்பில் சூடேற்றாமலே இறுகும் பசையும் ரிவெட்டுகளும் சேர்ந்து சுமையைத் தாங்கும்படி அந்த விமானம் கட்டப்பட்டிருந்தது. ஈரமும் உலோக அரிப்பும் பசையைப் பெயர்த்த பிறகு சுமை ரிவெட்டுகளின் மேல் விழுந்து, துளைகளின் ஓரங்களில் விரிசல்கள் வளர்ந்தன. இதற்கு முன்பே, 1970களில், ஒட்டுவதற்கான பாஸ்பாரிக் அமில அனோடைசிங் முறையை, அதாவது அமிலத் தொட்டியில் மின்சாரம் செலுத்தி ஆக்சைடை வளர்க்கும் முறையை, போயிங் உருவாக்கியிருந்தது. அம்முறையில் கிடைக்கும் ஆக்சைடு நுண்துளைகள் நிறைந்தது. பசைக்கு முன் பூசும் பிரைமர் அத்துளைகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது, ஆக்சைடில் தங்கும் பாஸ்பேட்டும் அது ஈரத்தால் ஹைட்ராக்சைடாக மாறுவதைத் தடுக்கிறது.

கேள்வி: சிறிய பட்டறையில் அமிலத் தொட்டிகள் வைக்க இயலாது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் செய்யும் வரிசை மாறக் கூடாது. முதலில் எண்ணெய்ப் பிசுக்கை நீக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தேய்க்க வேண்டும். பிசுக்கோடு தேய்த்தால் எமரித் தாள் அதைக் கீறல்களுக்குள் அழுத்திவிடும். அசிட்டோனில் நனைத்த பஞ்சுநூல் உதிராத துணியால் துடைத்த கையோடு, அது உலர்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தானாக உலர விட்டால், அசிட்டோன் கரைத்த எண்ணெய் அதே இடத்தில் மறுபடியும் படிந்துவிடும். அழுக்கான துணியை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. வெறுங்கையாலும் தொடக் கூடாது.

தேய்த்துத் தூசியை நீக்கிய பிறகு, தகட்டைச் சற்றே சாய்த்துப் பிடித்துக் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிப் பாருங்கள். நீர் ஒரே ஏடாகப் பரவி அரை நிமிடம் உடையாமல் நின்றால் பிசுக்கு இல்லை. எங்காவது ஏடு பின்வாங்கி, வட்டமாக ஒரு வெற்றிடம் திறந்து, ஓரத்தில் நீர் முத்துகளாகத் திரண்டால், அந்த வட்டத்தில் எண்ணெயோ சிலிக்கோனோ இருக்கிறது. தொடக்கத்திலிருந்து மறுபடியும் செய்ய வேண்டும். இந்தச் சோதனை தூய்மையை மட்டுமே சொல்லும். ஆக்சைடு ஈரத்தைத் தாங்குமா என்று சொல்லாது.

அதைத் தாங்கச் செய்வதற்குத்தான் சிலேன் என்னும் சிலிக்கான் சேர்மம். எப்பாக்சி முனை கொண்ட சிலேனை நீரில் 1 சதவீதக் கரைசலாக்கி, ஒரு மணி நேரம் கலக்கிய பின், தேய்த்த பரப்பைப் 10 முதல் 15 நிமிடங்கள் வரை அதனால் ஈரமாகவே வைத்திருந்து, பிறகு சூடேற்றி உலர்த்த வேண்டும். அதன் ஒரு முனை ஆக்சைடோடும் மறுமுனை பசையோடும் வேதிப்பிணைப்பு கொள்கிறது. அலுமினாத் துகள்களை அழுத்தக் காற்றால் வீசிப் பரப்பைச் சொரசொரப்பாக்கிய பிறகு இதைச் செய்தால் பலன் இன்னும் நன்றாக இருக்கும். பழைய கையேடுகளிலுள்ள குரோமிக் அமிலக் கலவைகளைத் தயவுசெய்து தயாரிக்க முயலாதீர்கள். அவற்றிலுள்ள அறுஇணைதிற குரோமியம் புற்றுநோயை உண்டாக்குவது.

கேள்வி: கார்பன் ஃபைபர்த் தகட்டைச் செய்யும்போதே அதன் மேல் பதித்துவைக்கும் பீல் பிளைத் துணியை உரித்தவுடன் அப்படியே ஒட்டலாமா?

பதில்: நான் ஒட்ட மாட்டேன். உரித்த பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் தூய்மையானது என்று தோன்றும். ஆனால் துணியின் இழைத்தடம் பதிந்த பிசினில் துணியின் எச்சம் இருக்கக்கூடும், எளிதில் உரிவதற்காகச் சிலிக்கோன் பூசிய துணியானால் பிசுக்கு உறுதியாகவே இருக்கும். பளபளப்பு போகும் வரை மட்டும் மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள், கரியிழைகளை அறுத்துவிடாதீர்கள். நெடுநாள் வைத்திருந்த தகடு ஈரத்தை உறிஞ்சியிருக்கும். சூட்டில் இறுகும் பசையானால் அந்த ஈரம் ஆவியாகிப் பசையில் குமிழிகளை உண்டாக்கும் என்பதால் முன்கூட்டியே உலர்த்துவது அவசியம்.

கேள்வி: கார்பனும் அலுமினியமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா?

பதில்: நேரடியாகத் தொட்டால் ஒத்துப்போகா. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். உப்பு கலந்த ஈரம் இடையில் வந்தால் மின்கலம் போலாகி அலுமினியம் அரிக்கப்படும். இடுக்கிகளை அதிகமாக இறுக்கிப் பசையை முழுவதும் பிதுக்கி வெளியேற்றுவோர் இந்தத் தொடுகையைத் தாமே உண்டாக்குகிறார்கள். இடையில் மெல்லிய கண்ணாடி இழைத் துணி ஒன்றை வைத்தால் தொடுகையும் தவிர்க்கப்படும், பசையின் தடிமனும் சீராகும், 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை இருந்தால் போதும்.

வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெப்பநிலை 100 டிகிரி மாறினால் ஒரு மீட்டர் அலுமினியம் 2.3 மில்லிமீட்டர் நீளும். இழைகள் நீளவாக்கில் செல்லும் கார்பன் தகடு ஏறத்தாழ நீளாது. சூடேற்றி இறுகவைத்த நீண்ட இணைப்பு குளிரும்போதே பசையில் தகைவு ஏறிவிடும். அறை வெப்பத்தில் இறுகும், சற்று நெகிழும் பசையே இங்குப் பொருத்தமானது.

கேள்வி: ஒட்டும் நீளத்தை இரட்டிப்பாக்கினால் வலிமையும் இரட்டிக்குமா?

பதில்: இரட்டிக்காது. சுமையின் பெரும்பகுதியை இரு விளிம்புகளே தாங்குகின்றன என்பதை பொறியாளர் வோல்கர்சன் 1938இலேயே கணக்கிட்டுக் காட்டினார். நீளத்தைக் கூட்டுவதைவிட, தகடுகளின் ஓரங்களைச் சாய்வாகச் சீவுவது அதிகப் பயன் தரும்.

கேள்வி: என் பரப்புத் தயாரிப்பு சரிதானா என்பதை எப்படி அறிவது?

பதில்: ஆப்புச் சோதனை செய்யுங்கள். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு அலுமினியப் பட்டைகளை ஒட்டி, ஒரு முனையில் ஆப்பை அடித்துச் செலுத்தி, விரிசலின் முனையை ஓரத்தில் கீறிக் குறித்துக்கொண்டு, பட்டைகளை 50 டிகிரி வெப்பமும் மிகுந்த ஈரப்பதமும் உள்ள பெட்டியில் வையுங்கள். தயாரிப்பு நன்றாக இருந்தால் விரிசல் சிறிதளவே நகரும்; குறையிருந்தால் சில மணி நேரத்திலேயே நெடுந்தூரம் ஓடிவிடும். பிறகு பட்டைகளைப் பிளந்து, புதிதாக விரிந்த பகுதியைப் பாருங்கள். அங்கே உலோகம் வெறுமையாகத் தெரிந்தால் தயாரிப்பில் ஒரு படியை மட்டும் மாற்றிச் சோதனையை மறுபடியும் செய்யுங்கள். பல படிகளை ஒரே நேரத்தில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும்.