ஃபிளமெங்கோ கிட்டாருக்கு எந்த ஸ்ட்ரிங்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசைக்கான கிட்டாரின் ஸ்ட்ரிங் பற்றி வந்த கேள்விகளைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டே வந்தேன். இப்போது ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன். பதிலில் 'கம்பி' என்றுதான் எழுதப்போகிறேன். முதல் மூன்றும் வெறும் நைலான்தானே, அதில் கம்பி எங்கே இருக்கிறது என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

கேள்வி: ஃபிளமெங்கோ செட் கேட்டால் கடைக்காரர் கிளாசிக்கல் செட்தான் இருக்கிறது என்கிறார். அதைப் போட்டால் தப்பா?

பதில்: தாராளமாகப் போடுங்கள். இரண்டுக்கும் அமைப்பு ஒன்றுதான். முதல் மூன்று ஒற்றை இழை. அடுத்த மூன்று பேஸ் கம்பிகளில், மெல்லிய நைலான் இழைகளின் கற்றைமேல் வெள்ளி முலாம் பூசிய செம்புக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். டடாரியோ கம்பெனியின் ஈஜே45 கிளாசிக்கல் செட்தான். ஃபிளமெங்கோ வாசிப்பவர்களின் கிட்டாரிலும் அதைச் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். உறையில் 'ஃபிளமெங்கோ' என்று அச்சிட்டு வருவதில் நைலானின் நிறம் மாறியிருக்கும், ஒலி கொஞ்சம் பளிச்சென்று இருக்கும்படி செய்திருப்பார்கள். பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

வித்தியாசம் கிட்டாரில்தான் இருக்கிறது. பிளாங்கா எனப்படும் வகையில் முதுகும் பக்கமும் சைப்ரஸ் மரம், எடை குறைவு. கம்பியைக் கட்டும் பிரிட்ஜ் கட்டை தாழ்வு. கிளாசிக்கலில் பிரிட்ஜ் அருகே கம்பி பலகையிலிருந்து 10 முதல் 12 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும். ஃபிளமெங்கோவில் 7, 8 தான். கோல்பே தட்டும் விரலுக்குப் பலகை எட்ட வேண்டும் அல்லவா! ஒலியும் அப்படித்தான்: சட்டென்று வெடித்து, சட்டென்று அடங்க வேண்டும். புலெரியாஸ் என்ற ஃபிளமெங்கோ வகையின் 12 எண்ணிக்கைச் சுழற்சியில் ஒரு பேஸ் சுரம் இழுத்துக்கொண்டே நின்றால் அடுத்த அடி அதில் மூழ்கிப்போகும்.

ஸ்பானிய வாசிப்பாளர்கள் கிட்டாரைக் கையில் வாங்கியதும் பேசுவது 'புல்சாசியோன்' பற்றி. வலது கை விரல் கம்பியைத் தள்ளும்போது கம்பி எவ்வளவு எதிர்க்கிறது, எவ்வளவு விரைவாகத் திரும்பி வருகிறது என்ற உணர்வு அது. கம்பி தேர்வதென்றால் முதலில் அதைப் பாருங்கள், ஒலியை அப்புறம் கேட்கலாம். இனி வரும் பதில்களில் பாதி இதையே வேறு வேறு விதமாகச் சொல்வதுதான்.

கேள்வி: நார்மல் டென்ஷனா, ஹார்ட் டென்ஷனா? ஃபிளமெங்கோ என்றால் ஹார்ட்தான் போட வேண்டும் என்கிறார் நண்பர்.

பதில்: இந்தக் கேள்வியில் டென்ஷன் ஆனவர்கள்தான் அதிகம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹார்ட் செட் கம்பி சற்றுப் பருமன். அதே சுருதிக்கு வர அதை இன்னும் இழுத்துக் கட்ட வேண்டும். இழுவிசை கூடினால் கம்பி குறைந்த அகலத்தில் ஆடும். தாழ்ந்த பிரிட்ஜில் ஓங்கி ராஸ்கியாதோ (விரல்களை விரித்துக் கம்பிகளின் குறுக்கே அடிப்பது) அடிக்கும்போது கழுத்தில் பதித்த ஃப்ரெட் பட்டைகளில் மோதி இரையும் இரைச்சல் குறையும். ஒற்றை ஒற்றைச் சுரமாக விரைந்து ஓடும் பிகாதோ ஓட்டங்களில் கம்பி விரலைத் திருப்பித் தள்ளுகிற மாதிரி ஒரு பிடிப்பு கிடைக்கும். ஹார்டுக்கு ஆதரவான வாதம் இவ்வளவுதான், அதில் பொய் இல்லை.

ஆனால் இதற்கு விலை கொடுப்பது இரண்டு கைகளும். நானும் இப்படி யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு வருடம் ஹார்ட் செட்டே போட்டிருந்தேன். கட்டை விரலாலேயே மேலும் கீழும் அடிக்கும் அல்சாபூவா பழகும்போது கட்டை விரல் மூட்டு வலிக்கும். என் பயிற்சி போதவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஹார்ட் கிடைக்காமல் நார்மல் வாங்கி மாட்டினேன். அன்று மாலையே கட்டை விரல் லேசாகிவிட்டது. இத்தனைக்கும் ஒரே கம்பெனியின் இரண்டு செட்டுக்கும் ஒரு கம்பிக்கு அரைக் கிலோகூட வித்தியாசம் வராது. மொத்தம் ஆறு கம்பியும் சேர்ந்து 40 கிலோவை ஒட்டி இழுக்கிற கருவியில் இது அற்பம். ஆனால் விரலுக்குத் தெரிகிறது.

எனவே நார்மலில் தொடங்குங்கள். உங்கள் சாதாரண அடிக்கே கம்பி தளதளவென்று ஆடி, சுரம் மறைந்து தகர ஒலி மட்டும் கேட்கிறதென்றால் ஹார்டுக்குப் போங்கள். லேசான இரைச்சல் இருந்தால் விட்டுவிடுங்கள். கிளாசிக்கல் ஆசிரியர் முகம் சுளிப்பார். ஃபிளமெங்கோவில் அது குரலின் கரகரப்பு மாதிரி, இருக்க வேண்டியது. அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டால் கிட்டார் வெளிறிப்போகும்.

ஒரு எச்சரிக்கை. 'ஹார்ட்', 'நார்மல்' என்பதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒருவருடைய ஹார்ட் இன்னொருவருடைய நார்மலாக இருக்கலாம். பல உறைகளில் ஒவ்வொரு கம்பிக்கும் கிலோ கணக்கு அச்சிட்டிருப்பார்கள். பெயரை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

கேள்வி: என் கிட்டாரின் ஸ்கேல், அதாவது ஒலிக்கும் கம்பியின் நீளம், 660 மி.மீ. அதற்குத் தனி செட் உண்டா?

பதில்: தேவையில்லை. வழக்கமான 650-இல் இருப்பதைவிட இழுவிசை சுமார் 3 சதவீதம் கூடும். அதனால் உங்களுக்கு நார்மலே போதும்.

கேள்வி: மூன்றாவது கம்பி மட்டும் எப்போதும் மொத்தையாக, உயிரில்லாமல் ஒலிக்கிறது. இரண்டு கம்பெனி மாற்றிப் பார்த்துவிட்டேன். கிட்டாரில் கோளாறா?

பதில்: கிட்டார் மேல் பழி போடாதீர்கள். நைலான் கிட்டார் வைத்திருக்கிற எல்லோருக்கும் இதே புலம்பல்தான். மூன்றாவதுதான் சுற்றில்லாத கம்பிகளில் மிகப் பருமன், ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும். பருமனான நைலான் விறைப்பாக இருக்கும். மேல் சுரங்கள் எழும்பாது. ஃப்ரெட்டில் அழுத்தும்போது சுருதியும் மற்றக் கம்பிகளைவிடச் சற்று அதிகம் ஏறும்.

இதற்கு மருந்து கார்பன். பெயர்தான் கார்பன், பொருள் ஃப்ளூரோகார்பன் என்ற பிளாஸ்டிக். தூண்டில் நரம்பிலும் இதே பொருள் உண்டு. நைலானைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தி. அதனால் அதே சுருதி, அதே இழுவிசைக்குக் கம்பி ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும். மெலிந்தால் விறைப்பு குறையும், ஒலி திறக்கும். பிரான்சின் சவாரெஸ் 'அலையன்ஸ்' என்ற பெயரில் விற்பது இந்த வகை.

அப்படியானால் மூன்றையும் கார்பனாகப் போடலாமே என்பீர்கள். போடலாம், பலர் போடுகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. சைப்ரஸ் கிட்டார் ஏற்கெனவே கூர்மையான ஒலிக்காரி. முதல் கம்பியும் கார்பனானால் கண்ணாடியில் கீறுகிற மாதிரி ஆகிவிடுகிறது. மெலிந்த கம்பி விரல் நுனிக்கும் வேறு மாதிரி படும். முதல் இரண்டும் நைலான், மூன்றாவது மட்டும் கார்பன் என்று கலந்து கட்டுவது என் வழக்கம். உங்களுடையது ரோஸ்வுட் உடம்பு கொண்ட நெக்ராவாக இருந்து ஒலி இருட்டாகத் தோன்றினால், மூன்றும் கார்பன் போட்டுப் பாருங்கள். அங்கே கணக்கு வேறு.

கேள்வி: கறுப்பு, சிவப்பு நைலான் கம்பி ஃபிளமெங்கோவுக்கே உரியதாமே?

பதில்: லா பெல்லா 820 செட் சிவப்பிலும் வரும், கறுப்பிலும் வரும். டடாரியோவும் ஃபிளமெங்கோவுக்குக் கறுப்பு விற்கிறது. ஒலியில் சிறு மாற்றம் உண்டு. கறுப்பு என் காதுக்குக் கொஞ்சம் வறண்டு, அழுத்தமாகக் கேட்கிறது. மேடையில் பார்க்க அழகு. ஆசைக்கு ஒருமுறை வாங்கலாம்.

கேள்வி: நைலானுக்கு முன்னால் எதில் வாசித்தார்கள்?

பதில்: ஆட்டுக்குடல் நரம்பில். பேஸ் கம்பிகளுக்குப் பட்டு நூலின் மேல் உலோகம் சுற்றியது. 1936-இல் ஃபிளமெங்கோ கிட்டார் கலைஞர் ரமோன் மொந்தோயா பாரிஸில் பதிவு செய்த தனிக்கிட்டார் இசைத்தட்டுகள் அந்தக் காலத்தவை. இரண்டாம் உலகப் போரில் குடல் நரம்பு அறுவை சிகிச்சைத் தையலுக்குப் போய்விட, கிட்டார்காரர்கள் தவித்தார்கள். 1940-களில் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் டூபான்ட் நிறுவனத்தின் நைலானில் கம்பி செய்தார். கிளாசிக்கல் கிட்டார் மேதை ஆந்த்ரேஸ் செகோவியா அதை ஏற்றுக்கொண்டதும் குடல் நரம்பின் கதை முடிந்தது.

கேள்வி: அந்த மொந்தோயாவின் ரொந்தேன்யா சுருதியில் பழகுகிறேன். ஆறாவது கம்பி பாம்பு மாதிரி நெளிகிறது. என்ன செய்வது?

பதில்: அந்தச் சுருதியில் ஆறாவது ஒரு முழு சுரம் இறங்கி டி ஆகிறது, மூன்றாவது அரை சுரம் இறங்கி எஃப் ஷார்ப். முழு சுரம் இறக்கினால் இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், அரை சுரத்துக்குச் சுமார் 11 சதவீதம். நெளியாமல் என்ன செய்யும்! ஆறாவதை மட்டும் ஹார்ட் செட்டிலிருந்து எடுத்து மாட்டுங்கள். மூன்றாவதற்கு முன்னே சொன்ன கார்பன். மீதியைக் கட்டை விரல் பார்த்துக்கொள்ள வேண்டும்: பலமாக அடிக்காமல் விரலின் எடையைச் சாய்த்து விடுங்கள். அந்தச் சுருதி கேட்பதும் அதைத்தான்.

கேள்வி: திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. பேஸ் கம்பிகள் ஒரு மாதத்தில் கறுத்து மங்கிவிடுகின்றன. நாலாவது அடிக்கடி அறுந்தும் போகிறது.

பதில்: இரண்டும் வேறு வேறு நோய். கறுப்பது வெள்ளி முலாம், அதில் ஒலிக்குப் பெரிய கேடில்லை. மங்குவதற்குக் காரணம் சுற்றுகளுக்கு இடையே ஏறும் வியர்வையும் எண்ணெயும் அழுக்கும். வாசிக்குமுன் கை கழுவுங்கள். முடித்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள், பெட்டியில் வைத்து மூடுங்கள். அப்படியும் தினமும் வாசித்தால் பேஸ் ஒரு மாதம்தான் பளிச்சென்று இருக்கும். நைலான் மூன்றும் அதைவிட நெடுநாள் வரும். எனவே ஆறையும் சேர்த்து மாற்றாதீர்கள். பேஸ் மூன்று மட்டும் தனியாகக் கிடைத்தால் வாங்கி வையுங்கள். வெந்நீரில் கொதிக்க வைக்கும் வைத்தியம் வேண்டாம், உள்ளே இருப்பது நைலான் கற்றை.

நாலாவது அறுவது ஊருக்குப் பொதுவானது. பேஸ் மூன்றில் அதன் சுற்றுக் கம்பிதான் மிக மெல்லியது. ஃப்ரெட்டில் பட்டுப் பட்டு அடியில் தட்டையாகி, சுற்று விடுபட்டு, உள்ளிழை அறும். விரலால் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் கம்பியைத் தளர்த்தி, பிரிட்ஜில் சில மில்லிமீட்டர் நகர்த்தி மறுபடி கட்டுங்கள். பள்ளம் ஃப்ரெட்டைவிட்டு விலகிவிடும். இரண்டு வாரமாவது கூட வரும். எப்போதும் நட்டிலோ சாடிலிலோ (கம்பியை இரு முனையிலும் தாங்கும் பட்டைகள்) ஒரே இடத்தில் அறுகிறதென்றால் அங்கே கூரான விளிம்பு இருக்கிறது. அது கிட்டார் பழுது பார்ப்பவர் வேலை.

கேள்வி: அண்ணா, முதல் கம்பி பிரிட்ஜிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. ஃபெவிக்விக் வைக்கலாமா?

பதில்: தம்பி, வேண்டவே வேண்டாம். முடிச்சுதான் தப்பு. பேஸ் கம்பி சொரசொரப்பானது, ஒரு சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும். மெல்லிய நைலான் மீன் மாதிரி வழுக்கும். வளையத்துக்குள் இரண்டு, மூன்று முறை நுழைத்து முறுக்கு. கடைசி நுழைவு பிரிட்ஜ் கட்டையின் பின் விளிம்பைத் தாண்டிக் கீழே மடங்கி இருக்க வேண்டும். மேலேயே நின்றால் வழுக்கும். முழுச் சுருதிக்கு ஏற்றுவதற்கு முன் முடிச்சைக் கையால் இறுக்கு. நுனியை நீளமாகவும் விடாதே, பலகையில் பட்டு இரையும்.

இன்னொன்று. கட்டும்போது பிரிட்ஜுக்குப் பின்னால் ஓர் அட்டையை வை. என் முதல் நல்ல கிட்டாரில் இப்படி வழுக்கிய கம்பி சவுக்கு மாதிரி பலகையை அடித்து விட்ட வடு இன்னும் இருக்கிறது. கோல்பே தட்ட ஒட்டியிருக்கும் தகடு அந்தப் பக்கத்தை மூடாது.

கேள்வி: ஸ்டீல் ஸ்ட்ரிங் போட்டால் சத்தம் கூடுமா?

பதில்: கூடும். பிரிட்ஜும் பிய்த்துக்கொண்டு வரும். அக்கூஸ்டிக் கிட்டாரின் ஸ்டீல் செட் 70 கிலோ அளவுக்கு இழுக்கும்.

கேள்வி: சனிக்கிழமை நடன நிகழ்ச்சிக்கு வாசிக்கிறேன். வெள்ளி இரவு புதுச் செட் மாட்டிவிடலாமா?

பதில்: மாட்டினால் மேடையில் நீங்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பீர்கள், ஆடுபவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். நைலான் இழுத்துக்கொண்டே போகும். அடங்க நாலைந்து நாள் ஆகும். நைலான் மூன்றையும் ஒரு வாரம் முன்னால், பேஸ் மூன்றையும் இரண்டு, மூன்று நாள் முன்னால் மாற்றுங்கள். பேஸ் சீக்கிரம் நிலைக்கும், புதுப் பளபளப்பும் மேடைக்கு மிஞ்சும். நிகழ்ச்சியில் போடப்போகும் செஹீயாவை (சுருதியை உயர்த்தக் கழுத்தில் மாட்டும் கேப்போ) அந்த நாட்களிலேயே அதே ஃப்ரெட்டில் மாட்டிப் பழகுங்கள். இறுக்கி மாட்டினால் சுருதி ஏறும். எவ்வளவு இறுக்கம் போதும் என்பது கைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

நகம் பட்டு முதல் கம்பி கீறிப்போய் வாங்க நேரமில்லை என்றால் அதைக் கழற்றித் தலைகீழாகக் கட்டிவிடலாம். கீறல் விழாத பகுதி வலது கைப் பக்கம் வந்துவிடும். ஆனால் அதுவும் புதுக் கம்பி மாதிரியே மறுபடி இழுபடும். வெள்ளி இரவு செய்யாதீர்கள்.