பள்ளிக்கூடத்துக்கு நர்ஸ் எதற்கு? வருடத்துக்கு ஒருமுறை டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனால் போதாதா?

போதாது. நியூயார்க் நகரம் டாக்டர்களை மட்டும் வைத்துப் பார்த்துப் பட்டுத் தெரிந்துகொண்டது.

அங்கே 1897லிருந்து டாக்டர்கள் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து வந்தார்கள். தொற்று உள்ள பிள்ளையைக் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்புவதுதான் அவர்கள் வேலை. தலையில் பேன், படர்தாமரை, சிரங்கு, டிரக்கோமா என்ற கண்நோய், எதுவாக இருந்தாலும் மூட்டையைக் கட்டு. வைத்தியம் பார்ப்பது யார்? யாரும் இல்லை. கிழக்குப் பகுதிக் குடியிருப்புகளில் ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த யூத, இத்தாலியக் குடும்பங்கள். ஆங்கிலம் தெரியாத அம்மாக்கள் ஏராளம். வகுப்பில் ஒட்டக்கூடாது என்று துரத்தப்பட்ட பையன், சாயங்காலம் அதே பிள்ளைகளோடு தெருவில் விளையாடிக்கொண்டிருப்பான்! 1902 செப்டம்பரில் மட்டும் இப்படி வெளியே அனுப்பப்பட்டவர்கள் 10,567 பேர்.

அந்தப் பகுதியிலேயே தங்கி ஏழைகளுக்குச் சேவை செய்துவந்த லில்லியன் வால்ட் என்ற செவிலியர், தன் ஆட்களில் ஒருவரை ஒரு மாதத்துக்குத் தருகிறேன், பலன் இருந்தால் நகராட்சி தொடரவேண்டும் என்று கேட்டார். அப்படி 1902 அக்டோபரில் நான்கு பள்ளிகளுக்குப் போனவர் லினா ரோஜர்ஸ், கனடாக்காரர்.

அவர் செய்தது பெரிய மருத்துவம் ஒன்றுமில்லை. சிரங்கைத் தேய்த்துக் கழுவிக் கந்தகக் களிம்பு போடுவார். பேனுக்கு மண்ணெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் சம அளவு கலந்து தலையில் ஊறவைத்து மறுநாள் அலசுவது அப்போதைய முறை. (நம் பாட்டிகளும் மண்ணெண்ணெய் தடவியவர்கள்தான், இப்போது யாரும் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்.) மருந்து போட்டதும் பிள்ளை வகுப்புக்குத் திரும்பிவிடும். பள்ளி முடிந்ததும் மாடி மாடியாக ஏறி அம்மாக்களுக்கு அதையே செய்து காட்டுவார். என்னைக் கேட்டால் அந்த மாடிப்படிதான் முக்கியமான விஷயம். டிசம்பரிலேயே மேலும் 12 செவிலியர்களை நகரம் எடுத்துக்கொண்டது. 1903 செப்டம்பரில் வெளியே அனுப்பப்பட்டவர்கள் 1,101 பேர். நோய் மாயமாகிவிடவில்லை, பிள்ளையைத் துரத்தாமலே வைத்தியம் பார்க்க ஆள் வந்துவிட்டார், அவ்வளவுதான்.

நான் நர்சிங் மாணவிகளுக்குச் சமூக நலப் பாடம் எடுக்கிறேன். பள்ளி முகாம்களில் 'கண் டாக்டரிடம் காட்டவும்' என்று சீட்டு எழுதிக் கொடுப்போம். அடுத்த வருடம் போனால் அதே பெண் கண்ணாடி இல்லாமல் முதல் பெஞ்சில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்டால், அப்பாவுக்கு ஒருநாள் கூலி போய்விடும் என்பாள். சீட்டின் பின்னாலேயே ஒருவர் போகவேண்டும், அதற்குத்தான் நர்ஸ்.

இங்கிலாந்திலும் இதே கதை. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் எடுத்தபோது நோஞ்சான் இளைஞர்கள் அத்தனை பேர் தேறாமல் போகவே அரசு பதறியது. 1907 சட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்கு உடல் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது, ஆனால் சிகிச்சையைக் கட்டாயமாக்கவில்லை. பல்லில் சொத்தை என்று ஏட்டில் எழுதுவார்கள், பிடுங்குவதற்கு ஆள் இருக்காது. ஏழைப் பிள்ளைகளுக்காகப் பாடுபட்ட மார்கரெட் மக்மில்லன் போன்றவர்கள் நன்கொடை திரட்டி 1910ல் லண்டன் டெப்ட்ஃபோர்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே கிளினிக் நடத்தினார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிகிச்சையும் உள்ளாட்சியின் கடமை என்று சட்டம் சொன்னது 1918ல்தான்.