வேலையை விட்டு 30 வருடம் கழித்து வந்தாலும் அது வேலையால் வந்த நோய்தான்

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. 1980களின் கடைசியில் ஆறு வருடம் கான்ட்ராக்டில் பாய்லர் லேகிங் (வெப்பம் வெளியேறாமல் பாய்லர், குழாய்களுக்கு உறை பூசும்) வேலை பார்த்தார். இப்போது நெஞ்சில் நீர் கோத்து, பயாப்ஸியில் மீசோதீலியோமா என்று வந்திருக்கிறது. பீடி, சிகரெட் தொட்டதில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா? இழப்பீடு வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணமும் அசல் ரிப்போர்ட்டுகளும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: சம்பந்தம் இருக்கிறது. நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் வரும் அபூர்வமான புற்றுநோய் இது. வந்தால் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ்தான் காரணம். அதன் நுண்ணிய இழைகள் மூச்சோடு போய் உள்ளே தங்கிவிடும், உடம்பால் கரைக்க முடியாது. அவற்றால் புற்று உண்டாக 20 முதல் 50 வருடம்கூட ஆகும். எனவே 30 வருட இடைவெளி இந்த நோய்க்கு இயல்பானது. லேகிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் பவுடரைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து கையாலேயே குழாயில் அப்புவார்கள். பழையதைக் கொத்தி எடுக்கும்போது பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாது. அப்பா சுவாசித்தது அந்தத் தூசியைத்தான். புகைப்பழக்கத்தால் இந்தப் புற்றுநோய் வருவதில்லை. ‘வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் ஆபத்தில்லை’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லா வகையுமே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சொல்லிவிட்டது.

அந்த ஆளிடம் ஒரு காகிதம்கூடக் கொடுக்காதீர்கள். அசல் ரிப்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, வெற்றுத் தாளில் கையெழுத்தும் வாங்கி, அப்புறம் பாதிப் பணம் கேட்டு மிரட்டுவதுதான் இவர்கள் வழக்கம். மனு போடுவது தொழிலாளர் துறையின் இழப்பீட்டு அதிகாரியிடம். அதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே வக்கீல் கிடைப்பார். பயாப்ஸி ஸ்லைடையும், எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் பத்திரப்படுத்தச் சொல்லி ஆஸ்பத்திரி லேபில் எழுதிக் கொடுங்கள். நெஞ்சில் நீர் என்றாலே காசநோய் மாத்திரை கொடுத்து மாதக்கணக்கில் ஓட்டும் ஊர் இது. உங்களுக்கு பயாப்ஸி கையில் இருக்கிறது, அதை விடாதீர்கள்.

கான்ட்ராக்ட் வேலைதானே என்று தயங்க வேண்டாம். கான்ட்ராக்டர் இன்று இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் யாருடைய தொழிலுக்காக அந்த வேலை நடந்ததோ, அந்த ஆலை முதலாளியிடமே இழப்பீடு கேட்கலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. அடையாள அட்டை இல்லையா? கேட் பாஸ், பி.எஃப். சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, எது கிடைத்தாலும் எடுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் கூட வேலை பார்த்த இரண்டு மூன்று பேரிடம் பிரமாணப் பத்திரம் வாங்குங்கள். எந்த ஆலை, எந்த வருடம், என்ன வேலை என்று அப்பா சொல்லச் சொல்ல எழுதி, நோட்டரி முன் கையெழுத்துப் போட வையுங்கள். இதை இந்த வாரமே செய்யுங்கள். அப்பாவைத் தவிர வேறு யாருக்கும் அந்த விவரம் முழுசாகத் தெரியாது.

காலம் கடந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு நிச்சயம் சொல்லும். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம், வேலையை விட்டு இரண்டு வருடத்துக்குள் அறிகுறி தெரிவதைப் பற்றிப் பேசியது. 30 வருடம் கழித்து வரும் நோய்க்கு இரண்டு வருடக் கணக்கு! ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொன்னது. கான்ட்ராக்ட் ஆளுக்கு யார் பதிவேடு வைத்தார்கள்? நியாயமான காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க இழப்பீட்டு அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. நோய் உறுதியான தேதியைக் காட்டித் தாமதிக்காமல் மனு போடுங்கள்.

அப்பாவின் வேலைச் சட்டையை உதறித் துவைத்தது அம்மா என்றால், அவரும் மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளட்டும். மூச்சிரைப்போ ஒரு பக்க நெஞ்சு வலியோ தொடர்ந்தால், டாக்டரிடம் அப்பாவின் வேலையைப் பற்றி முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் தாங்களாக அதைக் கேட்பதில்லை.