புதுச் சொல் எப்படிப் பிறக்கிறது, எப்படி நிலைக்கிறது?

ஒரு புதுச் சொல்லை முதலில் யார் உருவாக்குகிறார்கள், அது எப்படி எல்லோர் வாய்க்கும் போய்ச் சேர்கிறது என்று கேட்டிருந்தீர்கள். மென்பொருள்களைத் தமிழாக்கம் செய்வதுதான் என் பிழைப்பு. தினமும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகிறேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எந்த வேரும் இல்லாமல் பிறந்த சொற்கள் மிகவும் குறைவு. பெரும்பாலும் பழைய சாமானைத் தட்டி நிமிர்த்தித்தான் புதியதைச் செய்கிறோம். ‘ரோபோ’ பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகத்தில் செயற்கைத் தொழிலாளிகள் வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு பெயர் வேண்டும். உழைப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ‘லபோரி’ என்று யோசித்தார், அதில் புத்தக வாடை அடித்தது. ஓவியரான அண்ணன் யோசெப்பிடம் போய்க் கேட்டார். படம் வரைந்துகொண்டிருந்த அண்ணன், வாயில் கவ்வியிருந்த தூரிகையை எடுக்காமலேயே, அப்படியானால் ‘ரோபோட்டி’ என்று வை என முணுமுணுத்தாராம். பெயர் அண்ணனுடையது என்று பின்னாளில் காரெலே எழுதினார். ‘ரோபோட்டா’ என்றால் செக் மொழியில் பண்ணையாருக்குச் செய்யும் கட்டாய வேலை. செக் மக்களுக்குக் கேட்டவுடனே சுருக்கென்று உறைத்திருக்கும். மற்ற நாட்டவர் பலருக்கு அந்த வேர் தெரியாது. ஆனால் அந்தப் பொருளைச் சொல்ல அவர்களிடம் வேறு பெயர் இல்லை, வாங்கிக்கொண்டார்கள்.

ஐஸ்லாந்துக்காரர்கள் இதை இன்னும் ஆசையாகச் செய்கிறார்கள். பழைய இலக்கியத்தில் நூல், கயிறு என்ற பொருளில் தூங்கிக்கொண்டிருந்த ‘சீமி’ என்ற சொல்லை எழுப்பித் தொலைபேசிக்கு வைத்துவிட்டார்கள். கணினிக்கு ‘டோல்வா’ என்று பெயர். எண்ணைக் குறிக்கும் சொல்லையும் குறி சொல்பவளைக் குறிக்கும் பழஞ்சொல்லையும் பிணைத்தது. எண்களால் குறி சொல்பவள்!

சரி, பிறந்துவிட்டது. நிலைப்பதுதான் கஷ்டம். பாரதியார் ‘மெம்பர்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடி அரை மணி நேரம் யோசித்ததாக எழுதியிருக்கிறார். அவயவி, அங்கத்தான், சபிகன், உறுப்பாளி என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, எதுவும் மனதுக்குப் பொருந்தாமல், கடைசியில் ‘மெம்பர்’ என்றே எழுதிவிட்டார். இன்று ‘உறுப்பினர்’ என்று யோசிக்காமல் எழுதுகிறோம். உறுப்பாளிக்கும் உறுப்பினருக்கும் வேர் ஒன்றுதான், வால்தான் வேறு. குழுவினர், அணியினர் என்று பழகிய காதுக்கு உறுப்பினர் உறவுக்காரராகக் கேட்டது. அதனால்தான் நிலைத்தது என்பது என் கணிப்பு.

அதனால் எந்தப் புதுச் சொல் கைக்கு வந்தாலும் முதலில் அதற்கு வேற்றுமை உருபுகளைப் போட்டுப் பார்ப்பேன். அப்புறம் அதிலிருந்து வேறு சொற்கள் கிளைக்கின்றனவா என்று பார்ப்பேன். ‘இணையம்’ என்ற சொல்லைத் தந்தவராக அறியப்படுபவர் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி. அதிலிருந்து இணையதளம், இணையவழி, இணையவெளி என்று ஒரு குடும்பமே வந்துவிட்டது. இனி யார் நினைத்தாலும் அதைப் பிடுங்க முடியாது.

நேரமும் ஒத்துவர வேண்டும். ‘செல்ஃபி’க்குத் தாமி, சுயமி, தற்படம் என்று நல்ல நல்ல சொற்களை முன்வைத்தார்கள். அவை வந்து சேர்வதற்குள் செல்ஃபி ஊர் முழுக்கப் பரவியிருந்தது. தாமி மேல் எனக்கு இன்றும் ஒரு பிரியம் உண்டு, ஆனாலும் அது பந்தி முடிந்த பிறகு வந்த விருந்தாளி. எழுத்தில் ஒன்று, பேச்சில் ஒன்று என்று இரண்டும் சேர்ந்தே வாழ்வதும் உண்டு. மின்னஞ்சல் என்று எழுதுகிற அதே ஆள் ‘மெயில் போட்டுட்டேன்’ என்பார். இதைத் தோல்வியாக நான் பார்ப்பதில்லை.

அகராதியில் ஏறினால்தான் சொல் செல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். அகராதிக்காரர்கள் புழக்கத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் பதிவு செய்கிறார்கள்.

உருவாக்கியவர் நினைத்த பொருளிலேயே சொல் நிற்கும் என்பதும் நிச்சயமில்லை. கணினிக்குள் இருக்கும் ‘ப்ராசஸர்’ சில்லைத்தான் முதலில் ‘செயலி’ என்றோம். இன்று செயலி என்றால் கைபேசியில் நிறுவும் ‘ஆப்’தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. ‘பகிர்’ இன்னும் அழகு. பங்கிட்டுக் கொடு என்பது பழைய பொருள். கொடுத்தால் நம் பங்கு குறையும். ஒரு படத்தை நூறு பேருக்குப் பகிர்ந்தாலும் நம்மிடம் இருப்பது குறைவதில்லை. ஆனாலும் ‘அனைவருக்கும் பகிருங்கள்’ என்று எழுதும் யாருக்கும் அது உறுத்துவதில்லை.

பல வருடங்களுக்கு முன் ஒரு பொத்தானில் ‘பதிவிறக்கு’ என்று போடுவதா, ‘தரவிறக்கு’ என்று போடுவதா என்று நாங்கள் நாலு பேர் ஒரு மதியம் முழுக்க வாதாடினோம். ‘பதிவை எதுக்கு இறக்கணும், யாருக்குப் புரியும்?’ என்று ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்தே போனார். போன மாதம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் புரியாமல் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “பதிவிறக்கு எப்பவுமே இருந்த வார்த்தைதானே அக்கா?”